முதுமலையின் ஐம்பது ஹெக்டேருக்குள்ளே

முதுமலைக்குப் போகிறவர்களுக்குச் சாலையோர மான் தெரியும், தெப்பக்காடு யானை முகாம் தெரியும், வண்டிச் சவாரி தெரியும். எனக்கு வாய்த்தது அந்தக் காட்டின் உள்ளறை! அனுமதி இல்லாமல் யாரும் கால் வைக்க முடியாத இடம். வாருங்கள், கூட்டிப்போகிறேன். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். செருப்பு உதவாது, ஷூ கட்டுங்கள். சென்ட் அடிக்கவே கூடாது. இது மரம் அளக்கும் குழுவின் மூத்த அண்ணன் போட்ட உத்தரவு. இந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

கார்குடிப் பக்கத்தில் ஒரு கிலோமீட்டர் நீளமும் அரைக் கிலோமீட்டர் அகலமுமாக ஒரு துண்டுக் காடு. 50 ஹெக்டேர். 1988-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் அவருடைய குழுவினரும் இதை அளந்து, 20 மீட்டருக்கு 20 மீட்டர் எனக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். மொத்தம் 1,250 கட்டங்கள். மார்பளவு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டம் தேறிய மரம் எதுவானாலும் சரி, அதற்கு ஓர் எண், வரைபடத்தில் ஓர் இடம். முதல் கணக்கில் சுமார் 26,000 மரங்கள் வந்தன. அன்றிலிருந்து வருஷம் தவறாமல் ஆட்கள் வந்து, ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் நின்று, நீ இருக்கிறாயா என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது. நாலு வருஷத்துக்கு ஒருமுறை சுற்றளவும் எடுப்பார்கள். நான் போனது அந்த அளவெடுப்புக் காலத்தில். என்ன அதிர்ஷ்டம்!

ஜீப்பின் பின்பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். மரங்களில் கட்டும் எண் பொறித்த அலுமினியத் தகடுகள் நிறைந்த டப்பா, கம்பிச் சுருள், பெயின்ட் டின், நுனி உடைந்த பென்சில்கள், நாலைந்து அளவு நாடா, வெட்டுக்கத்தி. இதற்கெல்லாம் நடுவில் புளிசாதத் தூக்கு ஒன்று, கவிழாமல் இருக்க ஒரு பையனின் மடியில். பேனாவை யாரும் தொடுவதில்லை. தூறலில் மை கரைந்தால் ஒரு நாள் உழைப்பு போச்சு.

வண்டி நின்றதும் அண்ணன் மட்டும் இறங்கினார். மூக்கை உயர்த்திக் காற்றை முகர்ந்தார். இரண்டு தடவை கை தட்டினார். பிறகுதான் எங்களுக்குத் தலையசைப்பு.

வேலை தொடங்கியதும் காட்டில் ஒரே சத்தம். நாடா பிடிப்பவர் எண்ணைக் கூவுகிறார், சுற்றளவைக் கூவுகிறார். எழுதுகிறவர் அதைத் திருப்பிக் கூவிவிட்டுத்தான் எழுதுகிறார். 1.3 மீட்டர் உயரத்தில் மரத்தில் ஒரு பெயின்ட் கோடு. நாடா அந்தக் கோட்டின் மேலேயே உட்கார வேண்டும், ஒரு விரல் நகர்ந்தாலும் மறுபடி முதலிலிருந்து. பெரிய வெண்தேக்கு ஒன்றைச் சுற்றி நாடா போடும்போது ஒருவர் இந்தப் பக்கம், இன்னொருவர் அந்தப் பக்கம். இரண்டு பேர் கையும் எட்டவில்லை. “மரம் பெருத்துச்சா, நீ இளைச்சியாடா?” என்று யாரோ கேட்க, சிரித்த சிரிப்பில் நாடா நழுவிப் போனது. மறுபடி முதலிலிருந்து!

இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி “உசுரா, இல்லியா?” என்பது. கேட்கச் சுலபம். ஆனால் இது இலையுதிர் காடு. மாசி, பங்குனியில் வந்தால் தேக்கு, கருமருது, வெக்காலி எல்லாமே மொட்டையாக நிற்கும். நீரை இழக்காமல் இருக்க இலையையே உதறிவிடுவது அவற்றின் வழக்கம். எது தூங்குகிறது, எது போய்விட்டது என்று அப்போது சொல்லவே முடியாது. அதனால்தான் தழை விட்ட பிறகு வருகிறார்கள். ஒரு கட்டத்தில் மண்டை காய்ந்து, பட்டை உரிந்து ஒரு மரம் நின்றது. நான் முகம் சுருங்கிப் போனேன். அண்ணன் அடித்தண்டின் புல்லை விலக்கிக் காட்டினார். தூரிலிருந்து மூன்று பச்சைத் துளிர்! “போன தரம் செத்தவன்னு எழுதினோம். ஏமாத்திட்டான் பாரு!” எழுதுகிறவர் உற்சாகமாக அடித்துத் திருத்தினார். தீயில் மேலே கருகினாலும் வேர் பிழைத்திருந்தால் இங்கே பல மரங்கள் இப்படித் திரும்பி வரும்.

உண்ணிச்செடிப் புதர் வந்தது. முள், வியர்வை, கழுத்துக்குள் ஊர்கிற உண்ணி. குனிந்து, பிறகு மண்டியிட்டு, கடைசியில் தவழ்ந்துதான் உள்ளே போனோம், நடுவில் நின்ற ஒரே ஒரு கொன்றைக்காக. அதன் தகட்டைக் காணவில்லை. “ஆனை வயித்துல தேடணும்” என்றான் மடியில் தூக்கு வைத்திருந்த பையன். வேடிக்கையாகச் சொன்னாலும் யானைகள் இங்கே கணக்கையே மாற்றியிருக்கின்றன. ஆயிரக்கணக்கில் இருந்த கிடியா கலைசினா என்ற மரத்தை ஒடித்து, பட்டை உரித்துத் தின்றே அருகச் செய்துவிட்டன. நாங்கள் வெளியே வருவதற்குள் அண்ணன் கையை உயர்த்தினார். தூரத்தில் மூங்கில் முறியும் சத்தம். நாடா, தாள், தகடு எல்லாம் ஒரே நொடியில் பைக்குள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, சத்தமில்லாமல் நாலு கட்டம் தள்ளிப் போய் அங்கே வேலையைத் தொடர்ந்தோம். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் நெஞ்சு வெகுநேரம் அடித்துக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு நேரம். பாறை மேல் புளிசாதம், ஊறுகாய், கூடவே மரங்களின் வம்புக் கதை. இங்கேதான் நான் வாயைப் பிளந்தேன்.

மரம் சுருங்குமாம்! கோடையில் தண்டிலும் பட்டையிலும் இருக்கிற நீர் குறைந்தால் சுற்றளவு கொஞ்சம் இறங்கும், மழை வந்தால் ஏறும். வறண்ட வருஷத்தில் அளவெடுத்தால் போன தடவையைவிட மெலிந்து நிற்கும் மரங்களைப் பார்க்கலாம். இந்த ஏமாற்றைக் கணக்கில் கழிக்கவே தனியாக ஒரு முறை கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அடுத்தது இன்னும் பெரிது. முதல் 19 வருஷத்துப் பதிவுகளை அடுக்கிப் பார்த்தபோது, மழை குறைந்த வருஷத்திலேயே பெரிய மரங்கள் சாவதில்லை என்று தெரிந்தது. இரண்டு, மூன்று வருஷம் கழித்துத்தான் சாவு கூடுகிறது. மழை திரும்பி, ஊரெல்லாம் வறட்சியை மறந்த பிறகு, காட்டுக்குள் அதன் கணக்கு தீர்க்கப்படுகிறது. வருஷா வருஷம் வந்து பார்க்காமல் இருந்திருந்தால் அந்தச் சாவையும் அந்த வறட்சியையும் யாரும் சேர்த்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏன் இந்தத் தாமதம்? ருதுஜா சித்ரா-தாரக்கும் சுகுமாரும் கூட்டாளிகளும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு கதவைத் திறந்தது. ஒரே கட்டத்தில் தோளோடு தோள் நிற்கும் மரங்கள் மண்ணுக்கடியில் வெவ்வேறு ஆழத்தில் நீர் எடுக்கின்றன. ஆழத்து நீரை நம்பும் மரம், குதிரில் நெல் வைத்திருக்கும் வீடு மாதிரி. ஒரு வருஷம் மழை பொய்த்தாலும் அசராது. மேல்மண்ணை நம்பும் மரம் உடனே வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும், மழை வந்ததும் உடனே எழும். ஆனால் வறட்சி தொடர்ந்து சில வருஷம் நீடித்தால் நிலைமை தலைகீழ். குதிர் காலியானால் நிரம்ப வருஷக்கணக்காகும். பல ஆண்டு நீடித்த வறட்சிக்குப் பிறகு அதிகம் செத்தவை ஆழத்து நீரை நம்பிய இனங்களே. பலசாலி என்று நாம் நினைத்தவை! வெப்பம் ஏறி, காற்று மரங்களிடமிருந்து இன்னும் அதிக நீரை உறிஞ்சும் இந்தக் காலத்தில், நீண்ட வறட்சி அடிக்கடி வந்தால் இந்தக் காட்டில் எந்த முகங்கள் மிஞ்சும்? சோற்றைப் பிசைந்தபடியே எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். எனக்குக் கவலையாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

மதியம் எனக்குக் கிடைத்த விருந்தைச் சொல்லாமல் விட மாட்டேன். ஒரு நெல்லிக் கன்று. காலிப்பர் வைத்துப் பார்த்தார்கள், ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது! புது வரவு. “நீங்களே கட்டுங்க மேடம்” என்று கம்பியை என் கையில் கொடுத்தார்கள். இறுக்கக் கூடாது, தண்டு பருக்க இடம் விட வேண்டும். அண்ணன் விரலை நுழைத்துச் சோதித்துத் தேறியது என்றார். நான் குதித்தேன்.

மாலையில் மசினகுடி கள நிலையம். சேறு அப்பிய ஷூக்கள் வாசலில் குவியல். கொடியில் காலுறைகளுக்குப் பக்கத்தில் ஈரத் தாள்கள் கிளிப் போட்டுத் தொங்குகின்றன, ஒன்றில் நசுங்கிய எறும்பு. உள்ளே ஒருவர் எண்களை வாசிக்க, இன்னொருவர் கணினியில் பழைய அளவோடு ஒப்பிடுகிறார். திடீரென்று நிறுத்தம். ஒரு கருமருது நாலு வருஷத்தில் நம்ப முடியாத அளவுக்குப் பருத்திருக்கிறது. யார் அளந்தது? நீயா, நானா? பட்டை வீங்கியிருந்ததா, நாடா முறுக்கிக்கொண்டதா, ஆறை எட்டு என்று எழுதினாயா? டீ ஆறும்வரை சண்டை நடந்தது. முடிவில் அண்ணன் அந்தக் கட்டத்தின் எண்ணைக் கேட்டுவிட்டு ஜீப் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினார். “காலைல ஆறு மணிக்கு. மொதல்ல அந்த மரம்தான்.”