தன்னம்பிக்கை நூல்களும் எமது உளநலமும்

எல்லாம் உன் எண்ணத்தில்தான் இருக்கிறது என்று சொல்லும் தன்னம்பிக்கை நூல்களை எமது இளைஞர்கள் விரும்பி வாசிக்கிறார்கள். நானும் வாசிக்கிறேன். நேரத்தை ஒழுங்குபடுத்தவும் பயத்தைக் குறைக்கவும் அவை உதவுகின்றன.

ஆனால் 1990 ஒக்டோபர் 30 அன்று, இரண்டு மணிநேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்டு, புத்தளம் முகாம்களில் வாழ்ந்த எமது பெற்றோரின் துயரம் பிழையான எண்ணத்தால் வந்ததல்ல, இழப்பால் வந்தது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என விளக்கினார். அப்படியானால் ஆறுதலும் உறவுகள், அயலவர், ஜமாஅத் என்று கூட்டாகவே வரவேண்டும். தனியே இருந்து வாசிப்பது மட்டும் போதாது.

உளநோயை ஈமானின் குறைவு என்பாரும் நம்மிடையே உள்ளனர். 934இல் மரணித்த அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ, உடலைப் போலவே உள்ளத்துக்கும் நோய் வரும், இரண்டையும் பேணவேண்டும் என்று நூலே எழுதியிருக்கிறார்.

இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் பசியும் குலைந்து, எதிலும் நாட்டமின்றிப் போனால் புத்தகத்தை மூடிவிட்டு வைத்தியரிடம் செல்லுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உள்ளது. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். துஆவைக் கைவிடத் தேவையில்லை, மருந்தையும் கைவிடாதீர்கள்.