மெமரி கார்டைக் கணினி காட்டாதபோது

வீட்டுப் பத்திரம், வைப்புத்தொகை ரசீது ஆகியவற்றின் படங்களை மெமரி கார்டில் சேமித்து வைக்கும் வாடிக்கையாளர்கள் பலர். புதிதாகச் செருகிய கார்டைக் கணினி காட்டாவிடில் கலங்க வேண்டியதில்லை.

முதலில் கொள்ளளவைக் காண்க. 2 ஜிபி வரையிலான எஸ்டி கார்டுகளுக்கென அமைந்த பழைய ரீடர், 2006இல் அறிமுகமான எஸ்டிஎச்சி வகையை அறியாது. புதிய ரீடரே தீர்வு.

ரீடர் பொருத்தமானதாயின், விண்டோஸின் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பகுதியைத் திறந்து நோக்குக. கார்டு அங்கே தென்பட்டு, டிரைவ் எழுத்து மட்டும் இல்லையெனில், பயன்பாட்டில் இல்லாத ஓர் எழுத்தை வழங்கினால் போதும். கோப்புகள் அப்படியே இருக்கும்.

‘ஃபார்மட் செய்யவா?’ என்று கணினி வினவினால் மட்டும் உடன்படாதீர்கள். அதன்பின் கோப்புகளை மீட்க உறுதியில்லை. வேறொரு கணினியில் சோதித்து, கார்டு திறந்தவுடன் முதல் வேலையாகப் படியெடுத்துக்கொள்க. முக்கிய ஆவணத்திற்கு ஒரே பிரதி என்றும் போதாது.