பழைய மாணவர் மாளிகை

மாணவர்க்கும் கல்விக்கூடத்துக்கும் உள்ள உறவு, பட்டம் பெறும் நாளோடு முடிந்துவிடுவதன்று. அவ்வுறவைப் பேணுதற்கென அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, பழைய மாணவர்க்குத் தனி மாளிகைகள் எழுப்பியுள்ளன. மினியாபொலிஸ் நகரில், மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் உள்ள மக்னமாரா மாளிகை அவற்றுள் ஒன்று. அன்டோயின் பிரெடாக் என்னும் கட்டடக்கலைஞர் வகுத்த இம்மாளிகை 2000ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது.

இம்மாளிகை அமைந்த இடத்தில் முன்பு ஒரு விளையாட்டரங்கம் இருந்தது. முதல் உலகப்போரில் பணிபுரிந்த மினசோட்டா மக்களின் நினைவாக 1924ஆம் ஆண்டில் எழுந்த அவ்வரங்கம், 1992ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. ஆயினும், அதன் வாயிலில் நின்ற செங்கல் வளைவை மட்டும் அழியாது காத்தனர்.

மாளிகையின் நடுவே உயர்ந்து நிற்பது நினைவு மண்டபம். சிலவகைக் கற்கள் வெளியே கரடுமுரடாகத் தோன்றும். பிளந்தால் உள்ளே படிகங்கள் ஒளிரும். அத்தகைய கல்லின் வடிவிலேயே இம்மண்டபம் அமைந்துள்ளது. புறத்தே கருங்கற் போர்வை. அகத்தே மரப்பலகை வேய்ந்த சுவர்கள். கோணல்மாணலாக அமைந்த சாளரங்களின் வழியே பகலொளி உள்ளே பாய்கிறது. விருந்துகளும் கூட்டங்களும் இங்கே நிகழ்கின்றன. மண்டபத்தை அடுத்துச் செப்புத் தகடு போர்த்த ஆறு மாடிக் கட்டடம் நிற்கிறது. பழைய மாணவர் சங்கம் முதலியவற்றின் அலுவலகங்கள் அதில் உள்ளன.

பல்கலைக்கழக வரலாற்றைக் கூறும் காட்சிக்கூடத்தின் வாயிலாக, அப்பழைய செங்கல் வளைவு இன்று நிற்கிறது. அன்று விளையாட்டுக் காண அதன்கீழ் நடந்தவர், இன்று முதுமையில் மீண்டும் அதன்கீழ் நடக்கலாம். அரங்கம் மறைந்தது, அதன் வாயில் மறையவில்லை. புதியது கட்டுவோர் பழையதற்கும் ஓர் இடம் வைத்தல் வேண்டும் என்பதை அவ்வளைவு உணர்த்துகின்றது.