இறக்கத்தில் காத்திருக்கும் சூடு

மோட்டார் சைக்கிள் என்ஜின் சூடாவது மலை ஏறும்போதுதான் என்பது பொதுவான நம்பிக்கை. மைசூரின் சாமுண்டி மலைச் சாலையில் இரண்டு பேரைச் சுமந்துகொண்டு, இரண்டாவது கியரில் முனகியபடி ஏறும் பழைய யெஸ்டியைப் பார்ப்பவர்களுக்கு அதில் சந்தேகமே வராது. ஆனால் அந்த வண்டி பழிதீர்த்துக்கொள்ள வேறோர் இடத்தையும் தேர்ந்தெடுப்பதுண்டு.

மைசூரிலிருந்து சாம்ராஜ்நகர், ஆசனூர் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வருபவர்கள் திம்பத்தில் இறங்கியாக வேண்டும். பண்ணாரி வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். இவ்வளவு தூரம் உழைத்த என்ஜினுக்குக் கொஞ்சம் ஓய்வு, பெட்ரோலும் மிச்சம் என்று எண்ணி, ஆக்சிலேட்டரை முழுக்க மூடிவிட்டு கியரிலேயே வண்டியை இறங்க விடுகிறார் ஓட்டுபவர். சில வளைவுகள் கடந்ததும் என்ஜின் சத்தம் மாறுகிறது. வண்டி பிடித்து இழுப்பதுபோல் இருக்கிறது. அடுத்த நொடி பின்சக்கரம் பூட்டிக்கொள்கிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மெக்கானிக் மொழியில் இதற்குப் பெயர் 'பிஸ்டன் சீஸ்'.

ஏன் இப்படி? பழைய ஜாவாவும் யெஸ்டியும் டூ-ஸ்ட்ரோக் வண்டிகள். பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குகளுக்கும் தேவையான எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. தனியாக எண்ணெய் பம்ப் கிடையாது. ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோல் நிற்கிறது. கூடவே எண்ணெயும் நிற்கிறது. ஆனால் கியரில் இருப்பதால் சக்கரம் என்ஜினை வேகமாகச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. ஏற்கெனவே சூடேறிய பிஸ்டன், எண்ணெய் வறண்ட சிலிண்டரில் உரசுகிறது. அலுமினிய பிஸ்டன், வார்ப்பிரும்பு சிலிண்டரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவடையும். இரண்டுக்கும் நடுவே விடப்பட்டிருக்கும் இடைவெளியோ ஒரு தலைமுடி நுழையும் அளவுதான்.

பரிகாரம் சுலபம். இறக்கத்தில் அடிக்கடி கிளட்ச்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை ஒருமுறை திருகிவிட வேண்டும். இடதுகை விரல்கள் கிளட்ச் மேலேயே இருக்கட்டும். சத்தம் மாறியவுடன் கிளட்ச்சைப் பிடித்துவிட்டால் சக்கரம் விடுபடும், ஓட்டுபவர் தப்பிப்பார். வண்டியை ஓரங்கட்டிய பிறகு பலர் செய்யும் தவறு, பக்கத்து டீக்கடையில் ஒரு வாளித் தண்ணீர் வாங்கி என்ஜின் தலையில் ஊற்றுவது. கொதிக்கும் வார்ப்பிரும்பு அதில் விரிசல் விடலாம். என்ஜினைக் கையால் தொட முடிகிற வரை காத்திருப்பதே நல்லது. அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். பிறகு உதைத்தால் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். அதுதான் ஏமாற்று வேலை. உள்ளே சிலிண்டர் சுவரிலும் ரிங்கிலும் கீறல் விழுந்திருக்கும். அடுத்த சீஸ் சீக்கிரமே வரும்.

சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, பெரிய பிஸ்டன் போடலாம்தான். ஆனால் எத்தனை முறை? ருஸ்தம் இரானி, ஃபரோக் இரானி ஆகியோரின் ஐடியல் ஜாவா நிறுவனம் மைசூர் யாதவகிரியில் 1961-ல் உற்பத்தியைத் தொடங்கியது. செக்கோஸ்லோவாகியத் தொழில்நுட்பத்தில் ஜாவாவாக வந்த வண்டிகள் 1970-களில் யெஸ்டியாகப் பெயர் மாறின. 1996-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. கம்பெனி சிலிண்டர் இனி வரப்போவதில்லை. கடைந்து கடைந்து சுவர் மெலிந்துபோனால், அசல் என்ற பெயரில் விற்கப்படும் ஏதோவொன்றை நம்ப வேண்டியதுதான்.

எனவே சூட்டுக்குக் காரணம் தேடுவதை என்ஜினைப் பிரித்துத் தொடங்கக் கூடாது. பிளக்கில் தொடங்க வேண்டும். நன்றாக ஓட்டிவிட்டு, உடனே நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அது பேசும். காபிப்பொடி நிறம் என்றால் சரி. கரிபிடித்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு வெளுப்பு என்றால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். சூடு அங்கேதான் பிறக்கிறது. கார்ப்புரேட்டர் ஜெட்டில் தூசி அடைத்திருக்கலாம். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டாலும் பெட்ரோல் ஒழுங்காக இறங்காது. மூடியைத் தளர்த்தியதும் வண்டி உற்சாகம் பெற்றால், கோளாறு அந்தத் துளையில்தான்!

சிலிண்டருக்கும் கார்ப்புரேட்டருக்கும் நடுவே உள்ள கேஸ்கட் வழியாகக் காற்று திருட்டுத்தனமாக நுழைவது இன்னொரு வழக்கம். ஆக்சிலேட்டரைத் தொடாமலே என்ஜின் தானாக ரேஸ் ஆவது அதன் அடையாளம். கிராங்க் சீல் தேய்ந்தாலும் இதே கதைதான். பாயிண்ட் தேய்ந்து தீப்பொறியின் நேரம் மாறுவது, சைலன்சருக்குள் கரி சேர்ந்து புகை வெளியேறத் திணறுவது, பின்பிரேக் உரசிக்கொண்டே ஓடுவது எல்லாம் சூட்டைக் கூட்டுபவையே. கடைசியாகச் சொன்னதை சென்டர் ஸ்டாண்ட் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில்தான் பெரிய மூடநம்பிக்கை. சீஸ் ஆகாமல் இருக்கட்டும் என்று தாராளமாக ஊற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் ஜெட் வழியாகப் போகும் அளவு மாறாது. எண்ணெய் கூடினால் அந்த அளவில் பெட்ரோல் குறைகிறது. கலவை மெலிந்து சூடு ஏறுகிறது, போதாக்குறைக்குக் கரியும் சேர்கிறது. பழைய கணக்கு தெளிவானது: புதிதாகக் கடைந்த என்ஜினுக்கு லிட்டருக்கு 50 மில்லி, பழகிய பிறகு 40 மில்லி.

2018-ல் ஜாவாவும் 2022-ல் யெஸ்டியும் வேறு கம்பெனியின் கையில் மறுபிறவி எடுத்தபோது இந்தத் தொல்லைகளெல்லாம் தீர்ந்தன. புதியவை ரேடியேட்டர் வைத்த ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள். பழையவற்றுக்கோ புதிதாக ஒரு தலைவலி வந்திருக்கிறது. இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட் அளவில் கலவை மெலிந்துவிடுகிறது; பழைய ரப்பர் சீல்களையும் அது அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு அளந்து வைத்த ஜெட்டோடு பண்ணாரி வரை போய்விடலாம் என்று நம்புகிறவர், ஒரு அளவு பெரிய ஜெட்டைப் போட்டுவிட்டு, ஆசனூரில் நிறுத்தி பிளக்கின் நிறத்தை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கலாம்.