பிராண்ட் நியூ மேன் (இசைத்தொகுப்பு)

பிராண்ட் நியூ மேன் ('புத்தம் புதிய மனிதன்') என்பது புரூக்ஸ் அண்ட் டன் எனப்படும் அமெரிக்கக் கண்ட்ரி இசை இரட்டையரின் முதல் ஆல்பம் ஆகும். அரிஸ்டா நாஷ்வில் நிறுவனம் இதனை 1991 ஆகஸ்ட் 13 அன்று வெளியிட்டது. டான் குக், ஸ்காட் ஹென்ட்ரிக்ஸ் ஆகிய இருவரும் தயாரித்த இந்த ஆல்பத்தில் 10 பாடல்கள் உள்ளன. இதிலிருந்து தனிப்பாடல்களாக வெளிவந்தவற்றில் முதல் நான்கும் பில்போர்டு இதழின் கண்ட்ரி பாடல் பட்டியலில் அடுத்தடுத்து முதலிடம் பெற்றன.

கிக்ஸ் புரூக்ஸ், ரானி டன் ஆகிய இருவரும் உறவினர் அல்லர். நெடுநாள் நண்பர்களும் அல்லர். தனிப் பாடகர்களாக முயன்று முன்னேற முடியாதிருந்த இருவரை ஓர் இசை நிறுவனத்தின் தலைவர் சேர்த்துவைத்தார். ஏற்பாட்டால் அமைந்த இணை நிலைக்குமா என்ற கேள்விக்கு விடை தந்ததால், கண்ட்ரி இசை வரலாற்றில் இந்த ஆல்பத்துக்குத் தனி இடம் உண்டு.

கண்ட்ரி இசையும் இரட்டையர் மரபும்

கண்ட்ரி இசையைத் தமிழில் 'நாட்டுப்புற இசை' என்று எழுதுவது உண்டு. இரண்டும் ஒன்றல்ல. நாட்டுப்புறப் பாடல்களுக்குப் பெரும்பாலும் ஆசிரியர் பெயர் கிடையாது. ஜவ்வாது மலை, கொல்லிமலை போன்ற இடங்களில் வாழும் மக்களிடையே பாடல்கள் வாய்மொழியாகவே தலைமுறை கடந்து வருவதைப் போல, அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியிலும் குடியேறிகளின் கதைப்பாடல்கள் வாய்வழியே பரவின. அந்தப் பாடல்கள் ஒலித்தட்டுக்கும் வானொலிக்கும் வந்து, பாடலாசிரியர், உரிமைத்தொகை, விற்பனை என்று தொழிலாக வளர்ந்த பிறகு உருவான வடிவமே கண்ட்ரி இசை. 1927ஆம் ஆண்டு டென்னசி மாநில எல்லையில் உள்ள பிரிஸ்டல் நகரில் ரால்ஃப் பியர் நடத்திய ஒலிப்பதிவுகள் இதன் தொடக்கக் கட்டத்தில் முக்கியமானவை. கார்ட்டர் குடும்பத்தினரும் ஜிம்மி ரோஜர்ஸும் அங்குதான் முதன்முதலில் இந்த உலகுக்கு அறிமுகமாயினர்.

கண்ட்ரி இசையில் இரட்டையர் என்றாலே பெரும்பாலும் குடும்பம்தான். லூவின் சகோதரர்கள், எவர்லி சகோதரர்கள், தாயும் மகளுமான ஜட்ஸ் ஆகியோர் இதற்கு எடுத்துக்காட்டுகள். ஒரே வீட்டில் வளர்ந்தவர்களின் உச்சரிப்பும் மூச்சு விடும் இடமும் ஒத்துப்போவதால், இரு குரல்கள் ஒன்றோடொன்று எளிதில் இழையும். கர்நாடக இசையிலும் சகோதரர், சகோதரி இரட்டையர்கள் பலர் உண்டு. எனினும் உடன்பிறப்பு கட்டாயம் இல்லை என்பதற்கு ஆலத்தூர் சகோதரர்களே சான்று. அவர்களில் ஸ்ரீநிவாச ஐயர், சிவசுப்பிரமணிய ஐயரின் தந்தையிடம் இசை பயின்ற மாணவர். சகோதரர் என்பது மேடைப் பெயர் மட்டுமே. ஆனால் அவர்களுக்கு ஒரே குரு, ஒரே பயிற்சி என்ற அடித்தளம் இருந்தது. புரூக்ஸுக்கும் டன்னுக்கும் அதுவும் இல்லை.

இருவரின் பின்னணி

கிக்ஸ் புரூக்ஸ் 1955இல் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் பிறந்தார். நாஷ்வில் நகரில் அவருக்குப் பாடலாசிரியராக நல்ல பெயர் இருந்தது. ஜான் கான்லி, நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட், ஹைவே 101 ஆகியோர் பாடி முதலிடம் பெற்ற பாடல்களை எழுதியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் 1989இல் கேபிட்டல் நிறுவனத்தின் வழியாக அவரே பாடி வெளியிட்ட தனி ஆல்பம் எடுபடவில்லை. பிறருக்கு எழுதிக் கொடுத்தபோது வென்ற பேனா, சொந்தக் குரலுக்குக் கைகொடுக்கவில்லை.

ரானி டன் 1953இல் டெக்சஸ் மாநிலத்தின் கோல்மன் நகரில் பிறந்தார். மதபோதகராகும் எண்ணத்துடன் கல்லூரியில் சேர்ந்தவர், மதுக்கூடங்களில் பாடியதால் அந்தப் படிப்பைத் தொடர முடியவில்லை. பின்னர் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் பல ஆண்டுகள் பாடினார். 1980களின் தொடக்கத்தில் வெளிவந்த அவரது தனிப்பாடல்கள் பட்டியலின் அடிப்பகுதியைத் தாண்டவில்லை. அதே பத்தாண்டின் இறுதியில் ஒரு சிகரெட் நிறுவனம் நாடளவில் நடத்திய பாட்டுப் போட்டியில் வென்றதே அவருக்கு நாஷ்வில்லின் கதவைத் திறந்தது.

இணை உருவான விதம்

போட்டியின் பயனாக டன் செய்த ஒலிப்பதிவில் பணியாற்றியவர் ஸ்காட் ஹென்ட்ரிக்ஸ். அவர் வழியாக டன்னின் குரல் அரிஸ்டா நாஷ்வில் நிறுவனத்தின் தலைவர் டிம் டுபாய்ஸை எட்டியது. புரூக்ஸையும் அறிந்திருந்த டுபாய்ஸ், இருவரும் சேர்ந்து பாடல் எழுதிப் பார்க்கும்படி கூறினார். அப்படி அவர்கள் டான் குக்குடன் சேர்ந்து எழுதிய தொடக்கப் பாடல்களில் 'பிராண்ட் நியூ மேன்', 'மை நெக்ஸ்ட் புரோக்கன் ஹார்ட்' ஆகிய இரண்டும் அடங்கும். இவற்றைக் கேட்ட டுபாய்ஸ், இருவரையும் இரட்டையராக ஒப்பந்தம் செய்ய முன்வந்தார்.

ஆல்பம் வெளியானபோது டன்னுக்கு வயது 38, புரூக்ஸுக்கு 36. புதுமுகங்களுக்கு இது அதிக வயது. தனிப் பாடகராகும் கனவை விட்டுக்கொடுத்தால்தான் இந்த வாய்ப்பு என்ற நிலையில் இருவரும் சம்மதித்தனர். தயாரிப்பாளர்களும் இரு பக்கத்திலிருந்தும் அமைந்தனர். ஹென்ட்ரிக்ஸ் டன்னின் ஒலிப்பதிவை முன்பே கையாண்டவர். குக், புரூக்ஸுடன் முன்பே பாடல் எழுதியவர்.

பாடல்கள்

தலைப்புப் பாடல், காதலால் திருந்திய ஒருவன் தன் பழைய வாழ்க்கையைக் கழுவிவிட்டதாகச் சொல்வது. கிறித்தவத் திருமுழுக்கின் மொழியைக் காதலுக்குப் பயன்படுத்துகிறது. டன் முன்னின்று பாட, பல்லவியில் புரூக்ஸின் குரல் சேர்கிறது. இரண்டாவது தனிப்பாடலான 'மை நெக்ஸ்ட் புரோக்கன் ஹார்ட்', அடுத்த மனமுறிவு எப்போது வரும் என்று தன்னையே கேலி செய்துகொள்பவனின் பாட்டு.

டன் தனியே எழுதிய 'நியான் மூன்' மெதுவான நடை கொண்டது. காதலியை இழந்தவன் தினமும் ஒரு பழைய மதுக்கூடத்தில் வந்து உட்கார்கிறான். அங்குள்ள நியான் விளக்கே அவனுக்கு நிலா. கண்ட்ரி இசையில் மதுக்கூடச் சூழலைப் பாடும் ஹாங்கி டாங்க் பிரிவுக்குத் தெளிவான சான்றாக இது விளங்குகிறது. ஐந்தாவது தனிப்பாடலான 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' மட்டும் புரூக்ஸ் முன்னின்று பாடியது. அது ஆறாம் இடம் வரை சென்றது.

குடும்ப இரட்டையர்களைப் போல இவர்கள் இரு குரலையும் தொடக்கம் முதல் முடிவு வரை இழைக்க முயலவில்லை. ஒவ்வொரு பாடலையும் ஒருவரே ஏற்றார். மற்றவர் துணை நின்றார். முதலிடம் பெற்ற நான்கிலும் முதன்மைக் குரல் டன்னுடையது. மேடையிலோ ஓடியாடிக் கூட்டத்தைத் தன்வசப்படுத்துபவர் புரூக்ஸ். ஒத்த குரல்கள் இல்லாத குறையை இந்த வேலைப் பகிர்வு ஈடுசெய்தது.

'பூட் ஸ்கூட்டின் பூகி'யும் வரிசை நடனமும்

நான்காவது தனிப்பாடலான 'பூட் ஸ்கூட்டின் பூகி' டன் எழுதியது. இதனை முதலில் 1990இல் அஸ்லீப் அட் தி வீல் என்ற குழு பதிவு செய்திருந்தது. ஊர் எல்லைக்கு வெளியே உள்ள ஒரு நடனக்கூடத்தில் உழைக்கும் மக்கள் கூடி ஆடுவதே பாட்டின் பொருள்.

இணை இல்லாமல், வரிசையாக நின்று அனைவரும் ஒரே அடியை எடுத்துவைக்கும் வரிசை நடனத்துக்கு இதன் தாளம் பொருந்தியது. நடனக்கூடங்களுக்கென நீட்டித்து அமைத்த வடிவமும் வெளிவந்தது. கண்ட்ரி பாடலுக்கு அக்காலத்தில் அது புதிய முயற்சி. 1992இல் இப்பாடல் நான்கு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அந்த ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் பரவிய வரிசை நடன மோகத்துக்கு இதுவும் முக்கியக் காரணம்.

வரவேற்பும் விருதுகளும்

ஆல்பம் வெளிவந்த காலமும் துணை நின்றது. 1991 மே மாதம் முதல் பில்போர்டு தன் ஆல்பம் பட்டியலைக் கடைகளின் உண்மையான விற்பனைக் கணக்கைக் கொண்டு தயாரிக்கத் தொடங்கியது. கடைக்காரர்களின் வாய்மொழித் தகவலை நம்பியிருந்த பழைய முறையில் மறைந்திருந்த கண்ட்ரி இசையின் வலு இதனால் வெளிப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கார்த் புரூக்ஸின் ஆல்பம் ஒன்று பொதுப் பட்டியலில் நேரடியாக முதலிடத்தில் நுழைந்தது. அந்த அலையில் பிராண்ட் நியூ மேன் ஆல்பமும் உயர்ந்து, பின்னாளில் ஆறு மடங்கு பிளாட்டினச் சான்று பெற்றது. ஒரு பிளாட்டினம் என்பது 10 லட்சம் பிரதிகளைக் குறிக்கும்.

கண்ட்ரி மியூசிக் அசோசியேஷன் வழங்கும் சிறந்த இரட்டையர் விருதை 1988 முதல் 1991 வரை ஜட்ஸ் பெற்றுவந்தனர். தாய் நவோமி ஜட்டின் உடல்நலக் குறைவால் அவர்கள் 1991 டிசம்பரில் விடைபெற்றனர். அடுத்த ஆண்டே அவ்விருது புரூக்ஸ் அண்ட் டன்னுக்குச் சென்றது. 1992 முதல் 2006 வரை, 2000ஆம் ஆண்டு நீங்கலாக, 14 முறை அவர்களே அதனைப் பெற்றனர்.

பிற்காலம்

இரட்டையர் 2010இல் பிரிந்தனர். 2015இல் லாஸ் வேகஸ் மேடை நிகழ்ச்சிகளுக்காக மீண்டும் சேர்ந்தனர். 2019இல் இளம் கலைஞர்களுடன் பழைய பாடல்களைப் புதிதாகப் பாடி 'ரீபூட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டனர். இதில் முதல் ஆல்பத்தின் ஐந்து தனிப்பாடல்களும் இடம்பெற்றன. தலைப்புப் பாடலை லூக் கோம்ப்ஸும், 'நியான் மூன்' பாடலைக் கேசி மஸ்கிரேவ்ஸும் சேர்ந்து பாடினர். அதே ஆண்டில் கண்ட்ரி இசையின் உயரிய அங்கீகாரமான கண்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் இருவரும் ஒரே பெயரின் கீழ் சேர்க்கப்பட்டனர். அவர்களை இணைத்துவைத்த அரிஸ்டா நாஷ்வில் நிறுவனம் 2023இல் மூடப்பட்டது. இரட்டையர் இன்னும் மேடை ஏறிவருகின்றனர்.