டாட்ஜ்பால்: அவுட் ஆனவங்க எங்கே போறாங்க?

அமெரிக்காவுல இருக்கற நேயர் ஒருத்தர் எழுதியிருந்தாங்க. அவங்க பையன் ஸ்கூல்ல டாட்ஜ்பால் ஆடுறாங்களாம். ஒவ்வொரு தடவையும் அவன்தான் முதல்ல அவுட்டாம். மீதி நேரம் பூரா சுவரோரமா உட்கார்ந்திருக்கானாம். "இந்த விளையாட்டோட விதிதான் என்ன?"ன்னு கேட்டிருந்தாங்க. இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

ஏழு கல் ஆடினவங்களுக்கு இதுல பாதி ஏற்கெனவே தெரியும். பந்து மேல பட்டா அவுட். ஆனா இங்கே அடுக்கக் கல் கிடையாது. எறியறது, தப்பிக்கறது, பிடிக்கறது, அவ்வளவுதான்.

நீள்சதுர மைதானம், நடுவுல ஒரு கோடு. ஆளுக்கொரு பக்கமா ரெண்டு டீம். போட்டிகள்ல பெரும்பாலும் டீமுக்கு 6 பேர். பந்துகளை நடுக்கோட்டுல வரிசையா வச்சிருப்பாங்க. விசில் அடிச்சதும் ஓடிவந்து எடுக்கணும். ஆனா எடுத்த இடத்துலயே நின்னு எறியக்கூடாது. பின்னாடி இன்னொரு கோடு இருக்கும், அதுவரைக்கும் பந்தைக் கொண்டுபோயிட்டுத்தான் எறியணும். இல்லைன்னா எதிர்ல ஓடி வர்றவங்க முகத்துலயே அடி விழும்.

அவுட் ஆகறதுக்கு முக்கியமா மூணு வழி. எதிராளி எறிஞ்ச பந்து தரையிலயோ சுவர்லயோ படாம நேரா உங்க மேல பட்டா நீங்க அவுட். நீங்க எறிஞ்ச பந்தை எதிராளி கேட்ச் பிடிச்சா, அப்பவும் நீங்கதான் அவுட். கோட்டைத் தாண்டினாலும் அவுட். கையில இருக்கற பந்தையே கேடயமா வச்சுத் தடுக்கலாம். ஆனா தடுக்கும்போது அந்தப் பந்து நழுவி விழுந்தா, நிறைய இடத்துல அதுவும் அவுட்தான்.

இடத்துக்கு இடம் மாறுற விதிகளும் உண்டு. தலையில அடிச்சா பல இடங்கள்ல எறிஞ்சவங்களைத்தான் வெளியே அனுப்புவாங்க. பந்தும் மாறும். முன்னாடி பள்ளிகள்ல ரப்பர் பந்து, பட்டா சுரீர்னு வலிக்கும். இப்போ உலகப் போட்டிகள்ல ஃபோம் பந்துக்கும் துணிப் பந்துக்கும் தனித்தனிப் பிரிவே இருக்கு.

ஆனா என்னைக் கேட்டா, முக்கியமான வித்தியாசம் இது எதுவுமே இல்லை. அவுட் ஆனவங்க அதுக்கப்புறம் என்ன செய்றாங்க? அதுதான் கேள்வி.

1992ல நீல் வில்லியம்ஸ்ங்கற உடற்கல்விப் பேராசிரியர், பள்ளிகள்ல இருக்கக்கூடாத விளையாட்டுகள்னு ஒரு பட்டியல் எழுதினார். அதுல டாட்ஜ்பாலும் இருந்தது. இந்த மாதிரி விளையாட்டுல இருக்கற சிக்கல் எளிமையானது: யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளைதான் முதல்ல வெளியே போகுது.

இதுக்கு விதியிலயே மருந்து இருக்கு. ஜப்பான்ல ஒரே ஒரு பந்து. அவுட் ஆனவங்க உட்காரமாட்டாங்க. எதிரணிக்குப் பின்னாடி போய் நின்னு, அங்கேயிருந்து எறிவாங்க. யாரையாவது அடிச்சா திரும்ப உள்ளே வரலாம். ஜெர்மனியோட ஃபோல்கர்பாலும் இதே ஜாதிதான். இன்னொரு வகையில ஒவ்வொரு டீமும் ரகசியமா ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுக்கும். அடிபட்டவங்க அங்கேயே உட்கார்ந்துடுவாங்க, டாக்டர் வந்து தொட்டா எழுந்துக்கலாம். டாக்டரே அவுட் ஆயிட்டா பிழைக்க வழியில்லை! வேற சில இடங்கள்ல, உங்களை அடிச்சவர் அவுட் ஆன உடனே நீங்க திரும்ப வரலாம்.

சாதாரண ஆட்டத்துலயும் ஒரு வழி உண்டு. கேட்ச் பிடிச்சா எறிஞ்சவர் வெளியே போறது மட்டுமில்லை, உங்க டீம்ல வெளியே இருக்கற ஒருத்தர் உள்ளே வருவார். அதாவது, வேகமா எறியத் தெரியாத பிள்ளையும் ஒரு கேட்ச்ல ஆட்டத்தையே திருப்பிடலாம்.

அதனால அந்த நேயருக்கு ரெண்டு விஷயம் சொல்றேன். பையன்கூட வீட்டுல மெத்துன்னு ஒரு பந்தை வச்சு கேட்ச் பழகுங்க. பயத்துல முதுகைத் திருப்பக்கூடாது. பந்தைப் பார்த்துக்கிட்டே வயித்தோட சேர்த்து அணைச்சுப் பிடிக்கணும். ரெண்டாவது, டீச்சரைப் பார்த்து, "அவுட் ஆன பிள்ளைங்க திரும்ப வர்ற மாதிரி விதி வைக்கலாமா?"ன்னு கேளுங்க. விளையாட்டையே நிறுத்தச் சொல்லவேண்டியதில்லை. ஒரே ஒரு விதியை மாத்தினா போதும், சுவரோரம் காலியாயிடும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.