அரிசி ஆலையில் அமுக்கிய காற்றும் அதன் வடிகட்டியும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்களில் விளையும் பெரும்போக நெல், கமக்காரரின் பல மாத உழைப்பின் பயனாகும். உழவு, விதைப்பு, களை பிடுங்கல், காவல், அறுவடை என்று பாடுபட்டுச் சேர்த்த நெல், உலர்த்தப்பட்டு ஆலையைச் சென்றடைகின்றது. அங்கே கடைசியாக நிற்கும் பொறியொன்றிற் கவனக்குறைவு ஏற்படின், நல்ல நெல்லிலிருந்தும் தரங்குறைந்த அரிசியே கிடைக்கும். ஆதலால், ஆலை நடத்துவோர் மட்டுமன்றி, நெல்லைக் குற்றுவிக்கும் கமக்காரரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

காற்று செய்யும் வேலை

இக்காலத்து அரிசி ஆலைகள் பலவற்றில் நிறம் பிரிக்கும் பொறி அமைந்துள்ளது. தீட்டிய அரிசி மெல்லிய தாரையாக விழும்போது, பொறியின் கமராக்கள் ஒவ்வொரு மணியையும் நோக்குகின்றன. கறுத்த மணி, பழுப்பு மணி, கல் முதலியன தென்பட்டவுடன் சிறு வால்வு ஒன்று திறந்து, கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைந்த பொழுதில், அமுக்கிய காற்றை ஊதி அதனை அப்புறப்படுத்துகின்றது. கச்சான், பயறு, கௌபி ஆகியவற்றையும் இம்முறையிற் பிரிப்பதுண்டு. அந்தக் காற்றைத் தருவது கொம்பிரசர் எனப்படும் காற்றமுக்கியாகும்.

உணவை நேரே தொடும் இக்காற்றையும் உணவுடன் சேரும் ஒரு பொருளாகவே கருதுதல் வேண்டும். சமைக்கும் நீரை வடித்துப் பயன்படுத்துவது போலவே இதனையும் வடித்தே பயன்படுத்தல் வேண்டும்.

காற்றில் உள்ள மாசு

காற்றமுக்கி சுற்றுப்புறக் காற்றை உறிஞ்சும்போது, அதிலுள்ள தூசி, புகை, பூஞ்சண வித்து, நீராவி ஆகிய யாவற்றையும் சேர்த்தே உறிஞ்சுகின்றது. உமித்தூசியும் தவிட்டுத்தூசியும் ஆலையில் எப்போதும் உண்டு. நெல் அவிக்கும் ஆலையாயின் நீராவியும் உமி அடுப்பின் புகையும் சேரும். பொறி தேய்ந்திருப்பின் அதன் எண்ணெயும் காற்றிற் கலக்கும்.

வாவியும் கடலும் சூழ்ந்த பிரதேசத்தில் ஈரமே முதற்பகை. 30 பாகை செல்சியசு வெப்பமும் 80 சதவீத ஈரப்பதனும் உள்ள ஒரு கனமீற்றர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீர் ஆவியாக உள்ளது. அத்தகைய காற்று எட்டிலொரு பங்காக அமுக்கப்பட்டு மீண்டும் குளிரும்போது, ஈரத்தின் பெரும்பகுதியைத் தாங்க மாட்டாது நீராக உதிர்க்கின்றது. நிமிடத்துக்கு ஒரு கனமீற்றர் காற்றை உறிஞ்சும் பொறி எட்டு மணி நேரம் ஓடினால், இவ்வாறு சேரும் நீர் ஒன்பது இலீற்றருக்கு மேலாகும்.

இந்நீரும் எண்ணெயும் வால்வுகளைச் சென்றடையின் இரு தீங்குகள் விளையும். ஒன்று, அரிசியில் எண்ணெய் வாடையும் கறையும் படியும். மற்றொன்று, ஈரத்தூசி களியாகி ஊதுவாய்களை அடைக்கும். அப்போது நல்ல மணி வீசப்பட, கெட்ட மணி சாக்கினுள் சேரும். பூஞ்சணம் பிடித்த தானியத்தில் அபிளாரொக்சின் என்னும் நஞ்சு இருத்தல் கூடும். இது ஈரலைத் தாக்கிப் புற்றுநோய் விளைப்பது; சமைப்பதாலும் முற்றாக அழியாதது.

வடிகட்டிகளின் வரிசை

ஒரே வடிகட்டி எல்லா மாசையும் நீக்க மாட்டாது. நுழைவாய் வடிகட்டி தூசியைத் தடுக்கும். காற்றுத் தாங்கியும் நீர்பிரிப்பானும் நீர்த்துளிகளை வேறாக்கும். குளிர்முறை உலர்த்தி எஞ்சிய ஆவியைக் குறைக்கும். நுண்வடிகட்டி எண்ணெய்ப் பனியையும் நுண்துகளையும் பிடிக்கும். எண்ணெய் ஆவியையும் வாடையையும் நீக்குவது கரி வடிகட்டி. அது நுண்வடிகட்டிக்குப் பின்னரே அமைதல் வேண்டும்.

பேணும் முறை

1. காற்றமுக்கியை நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தல் வேண்டும். உமி அடுப்பு, அவிக்கும் தொட்டி, உழவு இயந்திரப் புகை ஆகியவற்றுக்கு அண்மையில் வைத்தலாகாது.

2. நாடோறும் வேலை தொடங்குமுன் தாங்கியின் அடிக்குழாயைத் திறந்து நீரை வெளியேற்றல் வேண்டும். தானியங்கி வடிகாலும் அடைபடக் கூடியதாகையால் அதனையும் பார்த்துக் கொள்ளல் வேண்டும்.

3. நுழைவாய் வடிகட்டியை வாரந்தோறும் பார்த்தல் வேண்டும். அறுவடைக் காலத்தில் தூசி மிகுதியாகையால் அடிக்கடி பார்த்தல் நன்று.

4. நுண்வடிகட்டியின் உட்கூட்டைக் கழுவியோ ஊதியோ மீண்டும் பொருத்தலாகாது. அமுக்க வேறுபாட்டுமானி எல்லையைக் காட்டினாலும், செய்தவர் குறித்த காலம் முடிந்தாலும், எது முந்துகின்றதோ அப்போது மாற்றுதல் வேண்டும். கிழிந்த வடிகட்டியிலும் மானி நல்ல நிலையையே காட்டுமாதலால் மானியை மட்டும் நம்புதல் தவறு.

5. கரி வடிகட்டி தன் வலுவை இழந்ததை மானி காட்ட மாட்டாது. அதனைக் காலக்கணக்குப்படியே மாற்றுதல் வேண்டும்.

6. உணவு ஆலைக்கென அங்கீகரிக்கப்பட்ட எண்ணெயைப் பயன்படுத்தல் வேண்டும்.

7. வடிகட்டியைத் திறக்குமுன் பொறியை நிறுத்தி, காற்றமுக்கத்தை முற்றாக வெளியேற்றல் வேண்டும். அமுக்கிய காற்றை உடலின் மீதோ உடையின் மீதோ ஊதுதல் பேராபத்தாகும்.

8. மாற்றிய திகதியையும் பொறி ஓடிய மணியையும் கொப்பியில் எழுதி வைத்தல் வேண்டும்.

வெள்ளைத் துணியை ஒரு சட்டத்திற் கட்டி, கண்ணாடிக் காப்பணிந்து, வடிகட்டிக்குப் பின்னுள்ள காற்றுவாயின் முன் சற்று நேரம் வைத்துப் பார்க்கலாம். ஈரமோ, மஞ்சட் கறையோ, வாடையோ தென்படின் உடனே பழுது பார்த்தல் வேண்டும். துணி தூய்மையாயிருப்பினும் நுண்ணிய மாசு இல்லையென்று துணிதல் இயலாது.

கமக்காரர் கவனத்துக்கு

1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் மனித நுகர்வுக்குத் தகாத உணவை விற்பதைத் தடை செய்கின்றது. அரிசியில் எண்ணெய் வாடை வீசினாலும், கறுத்த மணி வழமையிலும் மிகுந்தாலும், ஆலைக்காரரிடம் வடிகட்டியை எப்போது மாற்றினார் என்று கேட்பதில் தவறில்லை.

ஆயினும் ஈர நெல்லுக்கு வடிகட்டி மருந்தாகாது. நெல்லை 14 சதவீத ஈரத்துக்கு மேற்படாமல் உலர்த்தி, தரையிற் படாமல் அடுக்கிக் காப்பது கமக்காரர் கடமை; தூய காற்றால் அதனைப் பிரித்துத் தருவது ஆலைக்காரர் கடமை. இவ்விரண்டும் நிறைவேறினாலன்றி வயலிற் சிந்திய வியர்வை முழுப்பயன் தாராது.